எண்ணூர் அனல் மின் நிலையம்: மூடிய 450, முடியாத 660. அந்த இடத்தை இனி என்ன செய்வது?

வடசென்னைவாசி (இழையைத் தொடங்கியவர்)

எண்ணூர் பழைய தெர்மலை மூடியது 2017 மார்ச் 31 அன்று. மொத்தம் ஐந்து யூனிட் (மின் உற்பத்தி இயந்திரத் தொகுதி), 450 மெகாவாட். அதன் பக்கத்திலேயே 660 மெகாவாட் ஒற்றை யூனிட்டாக ஒரு விரிவாக்கம் திட்டமிட்டார்கள். 2009இல் சுற்றுச்சூழல் அனுமதி, 2014இல் ஒப்பந்தம், அப்புறம் கொஞ்சம் அஸ்திவாரம், கொஞ்சம் இரும்புச் சட்டம், அதோடு சரி. பழையதும் போனது, புதியதும் வரவில்லை. 2024 டிசம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்து மறுபடி தூசி தட்டினார்கள்.

இந்த 660ஐ இனிமேல் கட்டி முடிப்பதில் அர்த்தம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த இடத்தை என்ன செய்யலாம்? வளர்ச்சியா சுற்றுச்சூழலா என்ற பட்டிமன்றம் வேண்டாம், அதை எல்லாரும் பார்த்தாகிவிட்டது. நான் கட்டக் கூடாது என்ற பக்கம். ஆனால் மின்சாரத் துறை ஆள் இல்லை. உள்ளே இருந்து பார்த்தவர்கள், அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள், கணக்கு தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

பாய்லர்_பெரியவர்

மின்சார போர்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணூரில் இல்லை, வேறொரு கடலோர நிலையத்தில். இருந்தாலும் எண்ணூர் இயந்திரங்களைப் பற்றித் தெரியும்.

முதல் இரண்டு யூனிட்டும் 60 மெகாவாட், அடுத்த மூன்றும் 110. 1970இல் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது, 1975இல் ஐந்தாவது. இன்று 450 மெகாவாட் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்குச் சென்னைக்கும் வடக்கே இருந்த ஆலைகளுக்கும் அது பெரிய விஷயம்.

ஏன் மூடினார்கள் என்பதற்கு ஒரே வரிக் கணக்கு போதும். மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. அதை எடுக்க அந்தக் காலத்து இயந்திரங்கள் 3,000 கிலோ கலோரிக்கு மேல் தின்றன. நூறு ரூபாய்க்கு நிலக்கரி போட்டால் முப்பது ரூபாய்கூட மின்சாரமாக வெளியே வராது. நம் ஊருக்கு வரும் ஒடிசா கரியில், யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

கடலோர நிலையத்துக்கு இன்னொரு தலைவலி, கடல் தண்ணீரால் ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் டியூப் லீக். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் பாய்லர் டியூபில் அரிப்பு தொடங்கிவிடும். மழைக்காலத்தில் கரி சேறாக வரும், பங்கரில் (கரித் தொட்டியில்) அடைத்துக்கொள்ளும், சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குவோம், ஃபர்னஸ் ஆயில் ஊற்றித் தீயைத் தாங்கிப் பிடிப்போம். நாற்பது வருடம் தாண்டிய யூனிட்டில் இதெல்லாம் தினப்படி வேலை.

இப்போது 660. அது சூப்பர் கிரிட்டிகல். 221 பாருக்கு மேல் அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் கொதிக்காது, குமிழி வராது, நேராக ஆவியாக மாறிவிடும். தண்ணீரில் இருந்து ஆவியைப் பிரிக்கும் டிரம் தேவையில்லை. யூனிட்டுக்கு 2,200 கிலோ கலோரியை ஒட்டி முடிந்துவிடும், அதாவது முக்கால் கிலோவுக்கும் குறைவான கரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய 450 முழு வேகத்தில் ஓடினால் நாளுக்கு 1 கோடியே 8 லட்சம் யூனிட், கரி 10,800 டன். புது 660 முழு வேகத்தில் ஓடினால் 1 கோடியே 58 லட்சம் யூனிட், யூனிட்டுக்கு 0.65 கிலோ என்றால் கரி 10,300 டன். அதே கரி, ஒன்றரை மடங்கு மின்சாரம். இதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

---

முகத்துவாரம்

ஐயா, கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் எங்கே நின்று கணக்குப் போடுகிறீர்கள் என்று ஒன்று இருக்கிறது.

450ஐ மூடினார்கள், சரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? வடசென்னை அனல் மின் நிலையம் முதல் நிலை 630, இரண்டாம் நிலை 1,200, 2024இல் திறந்த மூன்றாம் நிலை 800. அப்புறம் வல்லூர் 1,500. கூட்டினால் 4,130 மெகாவாட். இது போக எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று 1,320க்குக் கட்டுமானம் நடக்கிறது. இத்தனையும் ஒரே கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தைச் சுற்றி. நீங்கள் பழைய 450க்குப் பதிலாகப் புது 660 என்று ஒப்பிடுகிறீர்கள். எங்கள் குப்பத்தில் இருந்து பார்த்தால் 4,130க்கு மேல் 660.

காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், இவர்கள் எல்லாரும் ஆற்றை நம்பி இருப்பவர்கள். இறால், நண்டு, மடவை, மட்டி. ஆற்றைக் கடந்து போகும் சாம்பல் குழாய்கள் உடைந்து சாம்பல் கலந்த தண்ணீர் கழிமுகத்தில் கொட்டியது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தால் ஆழம் குறையும், சுடுதண்ணீர் வந்தால் மீன் விலகும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதிக் கடலெல்லாம் எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு ஆற்றிலேயே எண்ணெய் வந்தது. இப்போது காக்கா ஆழி என்று தென்னமெரிக்காவில் இருந்து வந்த ஒரு சிப்பி, தரை முழுக்கப் பாய் விரித்த மாதிரி படர்ந்து இறாலுக்கு இடம் இல்லாமல் செய்கிறது. அது அனல் மின் நிலையத்தின் வேலை இல்லை, கப்பல் போக்குவரத்தோடு வந்தது. ஆனால் எல்லாம் ஒரே ஆற்றுக்குத்தான் வருகிறது.

---

பாய்லர்_பெரியவர்

தம்பி, சாம்பல் குழாய் விஷயத்தில் நான் சண்டைக்கு வரவில்லை. தண்ணீரில் கரைத்துப் பம்ப் அடிக்கும் முறையே பழைய முறை. குழாய் உள்பக்கம் தேய்ந்துகொண்டே இருக்கும், அந்தந்தக் காலத்தில் திருப்பி வைக்க வேண்டும், மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் உடையும். அது பராமரிப்புக் குறை, கரியின் குறை இல்லை. உலர் சாம்பலாகப் பிடித்து சிமெண்ட் கம்பெனிக்கு லாரியில் ஏற்றினால் ஆற்றுக்கு ஒன்றும் போகாது.

---

முகத்துவாரம்

லாரி எந்த ரோட்டில் போகும் ஐயா? எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்திருக்கிறீர்கள்தானே. நூறு கிலோ கரியில் நாற்பது கிலோ சாம்பல் என்றால், நீங்கள் சொன்ன 10,300 டன்னுக்கு நாளைக்கு 4,000 டன் சாம்பல்.

---

கணக்கப்பிள்ளை

சாம்பலுக்கு முன்னால் காசைப் பார்ப்போம். இந்த விரிவாக்கம் நின்றதற்குக் காரணம் போராட்டமும் இல்லை, பருவநிலை மாற்றமும் இல்லை. ஒப்பந்ததாரர் கவிழ்ந்தார். அவ்வளவுதான்.

2014இல் வேலையை எடுத்தது லாங்கோ இன்ஃப்ராடெக். 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி, திவால் நடவடிக்கைக்கு அனுப்பச் சொல்லி 12 பெரிய கடன்காரக் கம்பெனிகளைக் குறித்துக் கொடுத்ததே, அதில் லாங்கோவும் ஒன்று. தீர்வுத் திட்டம் எதுவும் தேறாமல் 2018 ஆகஸ்டில் கலைப்புக்கே உத்தரவு வந்துவிட்டது. இங்கே எண்ணூர் வேலை அதற்கு முன்பே படுத்துவிட்டது. பிறகு மிச்ச வேலையை இன்னொரு கம்பெனிக்குக் கொடுக்கப் போய், அதுவும் இழுபறி.

இந்த மாதிரித் திட்டத்தில் பெரும்பங்கு கடன். கடன் வாங்கிய நாளில் இருந்து வட்டி ஓடும். மின்சாரம் வராத வருடங்களின் வட்டியும் திட்டச் செலவிலேயே சேரும், கட்டுமானகால வட்டி என்று அதற்குத் தனித் தலைப்பே உண்டு. நான்கு வருடத்தில் முடிய வேண்டியது பத்து வருடம் இழுத்தால், பாய்லர் ஐயா சொன்ன அத்தனை சிக்கனமும் அந்த வட்டியில் போய்விடும். கரி மலிவாக எரியும், ஆனால் யூனிட் விலை மலிவாக இருக்காது. நிலையான செலவு என்ற பகுதி மீட்டரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

இன்னொன்று. 2009 அனுமதி வந்தபோது கந்தக வாயுவுக்கு உச்சவரம்பே கிடையாது. 2015 டிசம்பரில்தான் அந்த விதிகள் வந்தன. 2017க்குப் பிறகு வரும் யூனிட் என்றால் ஒரு கன மீட்டர் புகையில் தூசுக்கு 30 மில்லி கிராம், கந்தக வாயுவுக்கு 100. அதற்கு வேண்டிய கருவிகளின் விலை பழைய மதிப்பீட்டில் இல்லை. கந்தக விதியைத் தள்ளிப்போட்டு, தளர்த்தி, நாடு முழுக்க என்னென்னவோ நடந்தது. எண்ணூர் சென்னையை ஒட்டி இருப்பதால் அந்தத் தளர்வை நம்பி இங்கே கணக்குப் போடக் கூடாது.

---

மெட்வேக்காரன்

நான் இருப்பது இங்கிலாந்தில் கென்ட் பக்கம். எங்கள் ஆற்று முகத்துவாரத்திலும் இதே கதை நடந்தது, முடிவு மட்டும் வேறு.

கிங்ஸ்நார்த் என்று ஒரு நிலையம், மெட்வே ஆற்றங்கரையில். நான்கு 500 மெகாவாட் யூனிட், கரியிலும் ஓடும், எண்ணெயிலும் ஓடும். எண்ணூர் வயசுதான். 2006இல் அதன் உரிமையாளர் ஈ.ஆன், பழையதை எடுத்துவிட்டு அங்கேயே இரண்டு 800 மெகாவாட் சூப்பர் கிரிட்டிகல் யூனிட் கட்டப்போவதாக அறிவித்தது. சொன்ன காரணமும் பாய்லர் ஐயா சொன்னதேதான், குறைந்த கரியில் கூடுதல் மின்சாரம்.

2007 அக்டோபரில் கிரீன்பீஸ் ஆட்கள் 200 மீட்டர் புகைபோக்கியில் ஏறி, அப்போதைய பிரதமர் கார்டன் பிரௌனின் பெயரை எழுதினார்கள். 'கார்டன், இதைத் தூக்கிப் போடு' என்று எழுதப் போனவர்கள், பெயரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு. 2008 செப்டம்பரில் மெய்ட்ஸ்டோன் நீதிமன்றத்தில், நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் நேரில் வந்து சாட்சி சொன்னார். பெரிய சொத்துச் சேதத்தைத் தடுக்கத்தான் சின்னச் சேதம் செய்தோம் என்ற வாதத்தை ஜூரி ஏற்று விடுதலை செய்துவிட்டது.

ஆனால் திட்டம் அதனால் மட்டும் நிற்கவில்லை. 2009 அக்டோபரில் ஈ.ஆன் ஒத்திவைத்தபோது சொன்ன காரணம், பொருளாதார மந்தத்தில் மின்தேவை குறைந்துவிட்டது என்பது. அடுத்த வருடம் முழுவதுமாகக் கைவிட்டார்கள்.

பழைய நிலையத்தை மூடிய விதம் நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது. ஐரோப்பிய விதிப்படி, புதுக் கருவி பொருத்த மனமில்லாத பழைய நிலையங்களுக்கு 2008 தொடக்கத்தில் இருந்து 20,000 மணி நேரம் கொடுத்தார்கள். 2015 முடிவுக்குள் அதை எப்போது வேண்டுமானாலும் செலவழிக்கலாம். தீர்ந்தால் கதவைச் சாத்த வேண்டும். கிங்ஸ்நார்த் வேகமாக ஓடி 2012 டிசம்பரிலேயே மணியைத் தீர்த்துவிட்டது. 2018இல் புகைபோக்கியையும் வெடி வைத்து இறக்கினார்கள். கெடு முன்கூட்டியே தெரிந்ததால் யாரும் புதிதாகப் பணம் கொட்டவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை. எண்ணூரில் அப்படி ஒரு கெடு எழுத்தில் இருந்திருந்தால் விரிவாக்கத்துக்கும் ஒரு முடிவு அப்போதே தெரிந்திருக்கும்.

---

பாய்லர்_பெரியவர்

நல்ல தகவல் தம்பி, நன்றி. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், அங்கே தேவை இறங்கியது. இங்கே தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட். ஒவ்வொரு கோடையும் ஏறுகிறது. ஏசி இல்லாத வீடு குறைந்துகொண்டே வருகிறது.

---

தெருவிளக்கு

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் பழசு. 660 இல்லை 6,600 கட்டினாலும் எங்கள் பல்பு இப்படித்தான் கண்ணடிக்கும்.

---

வெயில்காரி

சூரிய மின்சாரத் துறையில் இருக்கிறேன், ஒரு பக்கச் சார்பு என்று எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

20,830 என்ற எண்ணை மட்டும் வைத்து 660ஐ நியாயப்படுத்த முடியாது பெரியவரே. எந்த நேரத்துத் தேவை என்பதுதான் விஷயம். இப்போதெல்லாம் பகல் பதினொன்றில் இருந்து மூன்று வரை சூரியன் தாங்குகிறது. மே முதல் செப்டம்பர் வரை காற்று. தமிழ்நாட்டில் காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல். அந்த நேரங்களில் கரி யூனிட்டைக் குறைத்து ஓட்டச் சொல்கிறார்கள். அது பாதிக்குக் கீழே சுலபமாக இறங்காது, 55 சதவீதம் என்று ஒரு தரை வைத்திருக்கிறார்கள். அப்போது உங்கள் 2,200 கிலோ கலோரி என்னாகும்? சூப்பர் கிரிட்டிகல் யூனிட்டைப் பாதி சுமையில் ஓட்டினால் அதன் பெருமை போய்விடும் என்று உங்களுக்கே தெரியும்.

உண்மையான பஞ்சம் மாலை ஆறு முதல் இரவு பத்து, பதினொன்று வரை. அந்த நான்கைந்து மணி நேரத்துக்கு வேண்டியது நாள் முழுக்க எரியும் அடுப்பு இல்லை, சேமிப்பு. கடம்பாறையில், மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980களில் இருந்தே இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. மூடிய அனல் நிலையத்தில் மின்தடம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, நகரம் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரி நிலையத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பகலில் ஏற்றி மாலையில் இறக்கலாம். சாம்பலும் இல்லை, சுடுதண்ணீரும் இல்லை.

---

பாய்லர்_பெரியவர்

பாதி சுமையில் திறன் குறையும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அது மட்டுமில்லை, தினமும் ஏற்றி இறக்கினால் கனமான உலோகப் பகுதிகள் சூடாகி ஆறிச் சூடாகிக் களைத்துப்போகும், ஆயுளும் குறையும்.

ஆனால் நவம்பரை யோசியுங்கள் அம்மா. காற்று சீசன் முடிந்திருக்கும். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உட்கார்ந்தால் நான்கு நாள் வெயிலே இருக்காது. நான்கு மணி நேரப் பேட்டரியை வைத்து நான்கு நாளைத் தாண்ட முடியாது. கடம்பாறையிலும் மேலே தண்ணீர் ஏற்ற யாராவது மின்சாரம் கொடுக்க வேண்டும்.

---

வெயில்காரி

நவம்பர் அடைமழையில் ஏசி ஓடாது, மோட்டாரும் ஓடாது, தேவை தானாகவே விழும். அந்த நாட்களுக்கு ஏற்கெனவே இருக்கும் கரி யூனிட்டுகள் போதும். பக்கத்தில் 4,130 இருப்பதாக முகத்துவாரம் அண்ணன் சொன்னாரே. புதிதாக ஒன்று எதற்கு என்பதுதான் கேள்வி.

---

நெறியாளர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த ஆட்சியில் டெண்டர், எந்த ஆட்சியில் ரத்து என்ற சண்டைக்கு அரசியல் பிரிவு இருக்கிறது. இங்கே மின் நிலையம் மட்டும்.

---

முகத்துவாரம்

பேட்டரி என்றால் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் ஒன்று கேட்டு வைக்கிறேன். அந்த இடம் வெள்ளம் வரும் இடம். மேடு கட்ட வேண்டும் என்று சொல்லி ஆற்றுப் பக்கம் மண்ணைக் கொட்டுவீர்களா? எண்ணூரில் எது வந்தாலும் முதலில் நடப்பது அதுதான். துறைமுகம் வந்தாலும் மண், மின் நிலையம் வந்தாலும் மண். அலையாத்தி நின்ற இடம், உப்பளம் இருந்த இடம் எல்லாம் அப்படித்தான் மேடானது. வெள்ளத் தண்ணீர் போக இடமில்லாமல் எர்ணாவூர், மணலி வீடுகளுக்குள் போகிறது.

பழைய 450 நின்ற மேடு ஏற்கெனவே இருக்கிறது. என்ன வைத்தாலும் அதற்குள் வையுங்கள். 660க்கு என்று எடுத்த இடத்தில் ஆற்றை ஒட்டிய பகுதியைத் திருப்பி விடுங்கள். வேலை வாய்ப்பு வரும் என்று சொல்வார்கள், அதையும் பார்த்தாயிற்று. கட்டும்போது வெளியூர் ஆட்கள் வருவார்கள், கட்டி முடித்தால் ஐ.டி.ஐ. படித்த எங்கள் பையன்களுக்கு ஒப்பந்தக் கூலி.

---

வடசென்னைவாசி

பாய்லர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. பேச்சுக்குக் கட்டி முடிப்பதாகவே வைத்துக்கொள்வோம். இத்தனை வருடம் கடற்காற்றில் நிற்கும் அந்த இரும்புச் சட்டத்தின் மேல் பாய்லரைத் தொங்கவிட முடியுமா?

---

பாய்லர்_பெரியவர்

நல்ல கேள்வி. பெரிய பாய்லரைத் தரையில் வைப்பதில்லை, மேலே இருந்து தொங்கவிடுவோம். சூடேறும்போது கீழ்நோக்கி விரிவதற்கு இடம் வேண்டுமே, அதற்காக. ஆயிரக்கணக்கான டன் எடை அந்தத் தூண்களில் இறங்கும். எண்ணூர் காற்றில் பெயிண்ட் பராமரிப்பு இல்லாமல் நின்ற தூணை அப்படியே நம்பச் சொன்னால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தூணின் தடிமன், போல்ட், வெல்டிங், அஸ்திவாரத்தின் உள்ளே இருக்கும் கம்பி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பாதியை வெட்டி எறிய வேண்டி வரலாம். வாங்கி வைத்த சாமான்களுக்கும் இதே கதி. மூடாமல் வைத்த குழாய்க்குள் துரு ஏறினால் அது டியூப் இல்லை, காயலாங்கடைச் சரக்கு.

புதுக் கரி நிலையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட சட்டத்தின் மேல் இந்தக் குறிப்பிட்ட 660 என்றால், சோதனை அறிக்கையைப் பார்க்காமல் ஆதரிக்க மாட்டேன். அவ்வளவு தூரம் உங்கள் பக்கம் வந்துவிட்டேன், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

---

வடசென்னைவாசி

அது போதும் ஐயா. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம் என்றிருக்கிறேன். இரும்புச் சட்டத்தின் வலிமைச் சோதனை அறிக்கை, இதுவரை செலவான தொகை, அனுமதியின் தற்போதைய நிலை. வேறு என்ன கேட்கலாம்?

---

கணக்கப்பிள்ளை

மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, 2024இல் டான்ஜெட்கோவை (மாநில அரசின் மின்சார நிறுவனத்தை) பிரித்த பிறகு உற்பத்தி தனி நிறுவனம், விநியோகம் தனி, பசுமை ஆற்றல் தனி. மனு உற்பத்தி நிறுவனத்துக்குப் போக வேண்டும், பழைய முகவரிக்கு அனுப்பினால் கை மாறி மாறி நாள் போகும். இரண்டு, 'செலவான தொகை' என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். கட்டுமானத்துக்கு எவ்வளவு, கட்டுமானகால வட்டி எவ்வளவு, முதல் ஒப்பந்ததாரரின் வங்கி உத்தரவாதத்தில் இருந்து திரும்ப எடுத்தது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மூன்று, கட்டி முடித்தால் யூனிட் என்ன விலை வரும் என்று அவர்களே போட்ட மதிப்பீடு இருக்கும், அதன் நகல். முக்கியமாக, வருடத்தில் எத்தனை சதவீதம் ஓடும் என்று வைத்துக் கணக்கிட்டார்கள் என்பது. 85 சதவீதம் என்று இருந்தால் வெயில்காரி சொன்ன பகல் நேரக் கணக்கை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

---

முகத்துவாரம்

நான்காவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 660இன் சாம்பலை எங்கே கொட்டுவதாகத் திட்டம், குழாயா லாரியா, குழாய் என்றால் எந்த வழி. வரைபடத்தோடு கேளுங்கள். பதில் வந்தால் இங்கேயே போடுங்கள், குப்பத்துப் பஞ்சாயத்தில் படித்துக் காட்டுகிறேன்.